காஹாங்கில் ஓர் அஞ்சலை

முருகையா அண்ணன். கணேசன். கணேசன் மகள் யாழினி. நான். போன ஞாயிறு மதியம் எங்கள் ஊர் ரெங்கத்தில் கணேசன் வீட்டு வாசலில் இவ்வளவு பேர்தான்.

யாழினி ஸ்கூடாயில் காலேஜ் படிக்கிறாள். எங்கள் உறுமி மேளக் குழுவுக்கு வைத்த பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று போனில் தேடிக்கொண்டிருந்தாள்.

அஞ்சலை உறுமி மேளம்.

அஞ்சலை, முருகையா அண்ணனின் மனைவி. பயிற்சி நாளில் எங்கள் எல்லோருக்கும் மீ கோரெங் என்று நூடுல்ஸ் பிரட்டிப் போடுவார். போன வருடம் இறந்துவிட்டார். அதோடு அண்ணன் உறுமியைத் தொடவில்லை. வீட்டில் இருக்க வேண்டாம் என்று என் காரில் வைத்துவிட்டார். உறுமிக்காரர் இல்லாமல் என்ன உறுமி மேளம்? குழு நின்றுபோனது.

போன மாதம் அவராகவே வந்தார். "அவ பேர வச்சா அடிக்கிறேன்" என்றார்.

"அங்கிள்… இருக்கு" என்றாள் யாழினி. "காஹாங்ல. இதே பேரு. ஃபேஸ்புக்ல போட்டோ எல்லாம் போட்டிருக்காங்க."

"அலமாக், போச்சு" என்றார் கணேசன்.

உள்ளே அந்தப் பெயர் போட்டு டி-ஷர்ட் அடித்துத் தயாராக இருந்தது. முதலில் டி-ஷர்ட், பிறகுதான் பெயர் தேடுவது. நாங்கள் இப்படித்தான்.

நான் லோரி ஓட்டும் கம்பெனியில் மூன்று முருகன். சண்டை வந்ததில்லை. பெயர் என்ன நிலமா, வேலி போட? ஆனால் உறுமிக் குழு வேறு. கோயில் ஊர்வலத்தில் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒரே பெயரில் இரண்டு குழு முன்னால் வந்து நின்றால்? ஒரு முறை பார்த்திருக்கிறேன். ரதம் அரை மணி நேரம் நகரவில்லை.

"அஞ்சலை பாய்ஸ்னு போட்டுடலாமா?" என்றார் கணேசன்.

"அண்ணிய பாய்ஸ் ஆக்காத லா" என்றேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. "பேரு மாறுனா நான் வரல."

வேறு வழி? ஒரு குழுவின் பெயர் வேண்டுமென்றால் நேரில் போய்க் கேட்க வேண்டும். போனில் கேட்டால் மரியாதை இல்லை. வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கிக்கொண்டு அன்றைக்கே என் காரில் கிளம்பினோம். அண்ணன், கணேசன், நான். வழியெல்லாம் செம்பனை.

காஹாங் குழுவின் தலைவன் தினேஷ். சின்ன வயது. உட்கார வைத்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அங்கிள், மூணு வருஷமா இந்தப் பேர்ல அடிக்கிறோம். எங்க அம்மா பேரு. எப்படிக் குடுக்கறது?"

"இவரு சம்சாரம் பேரு" என்றேன். "இப்ப இல்ல."

தினேஷ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கேட்டதும் நியாயம்தானே? அண்ணன் எழுந்தார். "வாங்க, போலாம்."

அப்போது உள்ளேயிருந்து ஒரு அம்மா தேத்தண்ணியோடு வந்தார்.

"பேரு என்னுது. எங்கிட்ட கேட்டியாடா?" என்றார் மகனைப் பார்த்து. பிறகு அண்ணனிடம், "உக்காருங்கண்ணே. உறுமி கொண்டாந்திருக்கீங்களா? அடிங்க. எம்பேரு யாருகிட்ட போவுதுன்னு நான் கேக்க வேணாமா?"

நான் காரிலிருந்து எடுத்து வந்தேன். அண்ணன் தோளில் மாட்டினார். குச்சியைத் தோலில் வைத்தார். முதல் இழுப்பு சரியாக வரவில்லை. இரண்டாவதும் இல்லை.

மூன்றாவது இழுப்பில் உறுமி முனகியது. பிறகு அவர் நிறுத்தவில்லை. தினேஷ் உள்ளே ஓடித் தன் தவிலை எடுத்து வந்து கூடச் சேர்ந்துகொண்டான். நானும் கணேசனும் சும்மா நின்றோம். தேத்தண்ணி குடித்தேன்.

முடிந்ததும் அந்த அம்மா வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டார்.

"முன்னால ரெங்கம்னு போட்டுக்குங்க. அங்க ஒரு அஞ்சலை, இங்க ஒரு அஞ்சலை. ஒரே கோயில்ல ரெண்டு பேரையும் கூப்பிட்டா எனக்குப் பெருமதான்." தினேஷைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். அண்ணனும்.

சண்டை போட்டு வாங்கிய எதுவும் எனக்கு நிலைத்ததில்லை. கேட்டு வாங்கியது நிலைக்கும் என்று நினைக்கிறேன்.

"எத்தன வருஷம் சேந்து இருந்தீங்கண்ணே?" என்று கேட்டார் அந்த அம்மா.

மனைவி போனதிலிருந்து அண்ணன் அவரைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. பதில் வராது என்று நினைத்தேன்.

உறுமியைக் கழற்றாமலே சொன்னார்.

"இருபத்தாறு வருஷம், நாலு மாசம், பதினோரு நாள்."