அம்மாவின் குழம்பு வாளி

காவாந்தண்டலத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் குழம்பு வாளி எங்கள் அம்மா கையில்தான் இருக்கும். இடது கையில் பித்தளை வாளி, வலது கையில் கரண்டி. சோற்றில் குழி பறித்துக்கொண்டு நாம் காத்திருக்க வேண்டும். குழிக்குள் விழுமே தவிர, இலையில் ஒரு சொட்டு ஓடாது. அந்த வாளி அம்மாவுக்குச் சீராக வந்தது. யாராவது இரவல் கேட்டால் வாளியோடு தானும் கிளம்பிவிடுவாள்.

நைனா செத்த பிறகு வாளியை மட்டும் அனுப்பினாள். தாலி அறுத்தவள் நல்ல காரியத்தில் பரிமாறக் கூடாதாம். நைனாவுக்குக் காமாலை வந்ததற்கும் சாம்பாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். முதுகில் ஒன்று விழுந்ததுதான் மிச்சம்.

எழுபதுகளின் கடைசியில் அக்காவுக்குக் கல்யாணம் கூடியது. ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்தபோது அம்மா வாளியைக் கொடுத்து உட்புறம் பூசி வாங்கினாள். வெளிப்புறத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள்.

"எம் பொண்ணுக்கு நான் ஊத்தாம வேற யாரு ஊத்துவாங்க?" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

தாலி கட்டி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் இலையில் உட்கார்ந்தார்கள். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தல் வரை வந்துவிட்டாள். நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னா பண்ணிக்கினு கீற நீ? நல்ல நாளும் அதுவுமா! உள்ள போய் குந்து."

வாளி அத்தை கைக்குப் போனது. அவள் கரண்டியை நீட்டியபோது அக்கா இலைமேல் கையை விரித்து மறைத்தாள். மாலையும் கழுத்துமாக இருந்தவள் தலை நிமிர்ந்து பேசினாள்.

"எங்கம்மா ஊத்தட்டும். அப்பத்தான் துன்னுவேன்."

மாப்பிள்ளை நல்ல மனிதர். "அவங்களே ஊத்தட்டுமே" என்றார். அத்தை வேறு வழியில்லாமல் வாளியை அம்மாவிடம் நீட்டினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அம்மா வாங்கவில்லை. கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"வாணாம்மா. ஏதோ ஆசையில வந்துட்டேன். என் கை உனுக்கு வாணாம். நீ நல்லா இருக்கணும்."

எனக்கு அத்தையைவிட அம்மா மேல்தான் ஆத்திரம் வந்தது. கூடவே அழுகையும். அத்தை சொன்னதை இவளும் நம்பியிருக்கிறாளே!

அக்கா அதன்பிறகு யாரையும் ஊற்ற விடவில்லை. ரசம் வந்தது, மோர் வந்தது, ஒவ்வொன்றுக்கும் இலையைக் கையால் மறைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, வெறும் சோற்றை உப்பைத் தொட்டுப் பிசைந்து சாப்பிட்டு முடித்தாள். அவள் எழுந்திருக்கும் வரை அம்மா வாசற்படிக்கு உள்ளே போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.