மருதோன்றியின் இரண்டாவது அல்பமும் ஒரு குரவையும்

1. விமர்சனம்

அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு என் ஸ்டூடியோ நிறைந்துவிட்டது. ஸ்டூடியோ என்றால் சாய்ந்தமருதில் என் வீட்டின் பின்னறைதான். ‘மருதோன்றி’ என்ற பெயரில் பாடும் மூன்று பெண் பிள்ளைகளும், முன்பாட்டுக்காரி ஹஸ்னாவின் உம்மாவும் வந்திருந்தார்கள். அவர்களுடைய இரண்டாவது அல்பத்துக்கு அன்று வானொலியில் நேரடி விமர்சனம்.

முதல் அல்பத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். அட்டையில் முகம்கூடப் போடவில்லை, மருதோன்றி இட்ட கைகள் மட்டும்தான். அப்படியிருந்தும் பெண் பிள்ளைகள் பாடுவதா என்று ஊர் கதைத்தது. அதனால் ஹஸ்னாவின் உம்மா ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: விமர்சனத்தில் இதையும் நல்லதென்றால் பாடலாம், குறை சொன்னால் இதோடு சரி. கட்டாரில் இருக்கும் வாப்பாவும் அதற்கு ஓமென்றுவிட்டார்.

விமர்சகர் எடுத்த எடுப்பிலேயே மெட்டுக்கள் பழசு என்றார். வரிகளும் போதாதாம். பிள்ளைகள் தலையைக் குனிந்தார்கள்.

“மூன்றாவது பாட்டில் வரும் குரவை கம்ப்யூட்டரில் செய்தது. உயிரில்லாத சத்தம்” என்றார் கடைசியாக.

எல்லோரும் உம்மாவைப் பார்த்தோம்.

2. அந்தக் குரவை

அது மாப்பிள்ளை வந்திறங்கும் பாட்டு. எங்கள் பக்கம் அந்த நேரத்தில் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்கள். ரெக்கோர்டிங்கில் பிள்ளைகள் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு டேக்கிலும் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்குத் துணையாக வந்து கதவோரம் உட்கார்ந்திருந்த உம்மா பொறுக்கமாட்டாமல் எழுந்து, பிள்ளைகளைத் தள்ளிவிட்டுத் தானே போட்டார். சத்த அளவைக் காட்டும் லெவல் சிவப்பைத் தொட்டது. அப்படியும் நான் அந்தக் குரவையில் கைவைக்கவில்லை. தன் பெயரை மட்டும் போடவேண்டாம் என்றார் உம்மா.

இப்போது அவர் முகம் இறுகியிருந்தது. பிள்ளைகளின் பாட்டு இதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

என்னை அண்ணன் முறை வைத்து, “காக்கா, ரேடியோக்காரங்கட நம்பருக்கு எடுங்க” என்றார்.

ரேடியோவைக் குறைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தேன்.

“தம்பி, அது கம்ப்யூட்டர் இல்ல. நான்தான்” என்றார் உம்மா. சொன்னதும் நேரலையிலேயே குரவை போட்டார். ரேடியோ கரகரத்தது. உடனே விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள். விமர்சகர் அதற்கு என்ன சொன்னாரோ, நாங்கள் கேட்கவில்லை.

அதற்குள் பின்கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டபடி நின்றார்கள்.

“என்ன ராத்தா, சொல்லாமக் கொள்ளாம ஆருக்குக் கலியாணம்?” என்று உம்மாவிடம் கேட்டாள் ஒருத்தி.

உம்மா மகளைப் பார்த்தார்.

“கலியாணம் ஒண்டும் இல்ல. புள்ளைகள் மூணாவது அல்பம் தொடங்கப் போறாங்க.”

ஹஸ்னா அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, விமர்சனத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். மெட்டுப் பழசென்று அவர் சொன்னது சரிதான், மூன்றாவது அல்பத்தில் மாற்றினோம். ஆனால், துணைக்கு வந்து கதவோரம் உட்கார்ந்திருக்கும் உம்மாவுக்கும் ஒரு மைக் வையுங்கள்.