துப்பாக்கி தாங்கும் கை

ஹில்டிங்குக்கு ஏழு வயதில் சர்க்கரை நோய் வந்தது. இப்போது ஐம்பத்திரண்டு. மர ஆலையில் வேலை, தினமும் இன்சுலின் ஊசி, செப்டம்பரில் எங்களோடு மூஸ் என்னும் பெரிய மான் வேட்டை. காட்டில் துப்பாக்கியோடு காத்து நிற்கும் இடங்களில் ஏழாம் எண் அவனுடையது.

முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும். ஒரு சர்க்கரைக் கட்டியை வாயில் போட்டுக்கொள்வான். பத்து வருடமாக அந்த நடுக்கம் வருவதில்லை. உடம்பில் ஒட்டிய கருவிதான் எச்சரிக்கும். போன வருடம், சத்தம் கேட்டு மூஸ் ஓடிவிடும் என்று அதை அணைத்து வைத்தான். குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு மயங்கிக் கிடந்தான்.

எங்கள் வேட்டைத் தலைவி அவனுடைய அக்கா இல்வா.

"சர்க்கரை எறங்கறது உனக்கே தெரியற வரைக்கும் துப்பாக்கி கிடையாது. காபி போடு."

அதற்காகத்தான் அவன் ஒரு புதிய சிகிச்சைப் பரிசோதனைக்குப் போனான். இறந்த ஒருவர் தந்த இன்சுலின் செல்களை, உடம்பு எதிர்க்காதபடி மாற்றி, முன்கைத் தசையில் வைப்பார்கள்.

"ஈரல்ல விட்டா திரும்ப எடுக்க முடியாது. கையில வெச்சா, சரிப்படலன்னா எடுத்துடலாம்" என்றாள் நர்ஸ் மாரித். "கொஞ்சம்தான் வைக்கிறோம். ஊசி நிக்காது. ஆனா சர்க்கரை அடிக்கடி எறங்காம இருந்தா, பழைய நடுக்கம் திரும்ப வரலாம். எந்தக் கையில எழுதுவீங்க? மத்த கையில வைப்போம்."

"இடது கை."

படிவத்தில் வலது கையால் கையெழுத்துப் போட்டான்.

"இடது கைக்கு இன்னிக்கு லீவா?"

"துப்பாக்கியத் தாங்கறது இடதுதான். வலதுக்கு விரல மடக்கற வேலை மட்டும்."

"விறகு பிளக்கறது எந்தக் கை?"

அவன் இடது சட்டைக் கையைச் சுருட்டினான். ஏப்ரலில் இடது கையில் வைத்தார்கள்.

செப்டம்பரில் காபி போட வந்தான். இரண்டாம் நாள் மதியம், ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தவன் நடுவில் நிறுத்தினான். தகரக் கோப்பையில் கரண்டி கிடுகிடுத்தது.

"இல்வா, எனக்கு எறங்குது."

"மெஷின் கத்தலயே. அணைச்சு வெச்சியா?"

"இல்ல. கத்தும் பாரு."

இரண்டாவது சர்க்கரைக் கட்டியைக் கடிக்கும்போது அது கத்தியது. இல்வா அவன் கையைப் பிடித்தாள். நடுக்கம் அவள் விரல்களுக்கும் வந்தது.

"இன்னும் ரெண்டு தடவ மெஷினுக்கு முந்தி நீயே சொல்லு. அப்புறம் ஏழாம் நம்பர்."

"அப்ப ராத்திரி சாப்பிடாம படுக்கட்டா?"

"ஒதை வாங்குவே. காபி ஆறுது, ஊத்து."

ஊற்றினான். பாதி வெளியே சிந்தியது. அவன் துடைக்கவில்லை.