முதலை என்று பெயர் வைத்தவர்

"கருநாக்கன் போயிற்றான்" என்று களுவாஞ்சிக்குடியிலிருந்து அக்கா எழுதிய கடிதத்தில்தான் அந்தோனிப்பிள்ளை அண்ணன் இறந்த செய்தி எனக்கு வந்தது. வேறு ஒரு வரியும் அதில் இல்லை. 

மட்டக்களப்பில் கார் திருத்தும் கராஜ் வைத்திருந்த அவரை உங்களில் பலர் அறிவீர்கள். அறுபதுகளில் நம் பக்கம் வந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாம் அவர் வைத்த மிருகப் பெயரோடுதான் திரும்பிப் போகும். புலி, சிறுத்தை என்று பெருமைக்குப் பெயர் வைப்பவர் அல்ல அவர். கல்லடிப் பாலம் வரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். மூச்சு வாங்கினால் எருமை. பிரேக் பிடித்ததும் துள்ளினால் முயல். "கார் என்ன செய்யுமெண்டு பேரிலயே இருக்கவேணும்" என்பார். 'உடும்பு' என்று பெயர் வாங்கிய காரின் சொந்தக்காரர் மூன்று மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்காவின் கணவர், என் அத்தான், கொழும்பிலிருந்து ஒரு சிவப்புக் கார் கொண்டுவந்தார். எஞ்சின் பின்னால் இருக்கும் கார். அதில் 'சிறுத்தை' என்று எழுதித் தரும்படி அண்ணனிடம் கேட்டார். ஓட்டிவிட்டு வந்து இறங்கிய அண்ணனின் முகம் வெளிறியிருந்தது.

"இது முதலை" என்றார்.

"என்ட காரா முதலை? உனக்கென்ன விசரா?" என்று கத்திவிட்டு அத்தான் போய்விட்டார்.

மறுநாள் அண்ணன் என்னைத் தேடி வந்தார். "தம்பி, அவர் இனி என்னோட கதைக்கமாட்டார். நீ சொல்லு. வளைவில பயந்து அக்சிலேட்டரில இருந்து காலை எடுத்தா, பின்பக்கம் வாலால அடிக்கும். வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைக்கச் சொல்லு."

"ஓம் அண்ணன், சொல்றன்" என்றேன்.

சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்குடாவுக்குப் போக அந்தக் காரைத் தருவதாக அத்தான் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர் பயந்துவிட்டால் சாவி கிடைக்காது. அவ்வளவுதான் காரணம். எவ்வளவு கேவலமான காரணம்!

சனிக்கிழமை மழை தூறியது. வாவிக்கரை வளைவில் கார் தண்ணீருக்குள் போனது. பின்பக்கம்தான் முதலில் சுழன்றதாக, அங்கே வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். அத்தானின் உடலை மாலையில்தான் எடுத்தார்கள்.

பெயர் வைத்தே ஆளைக் கொன்றுவிட்டார், கருநாக்கு என்று ஊர் பேசத் தொடங்கியது. கராஜுக்குக் கார்கள் வருவது நின்றது. சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக் காலம் தள்ளினார். ஒருநாள் செங்கலடிச் சந்தையில் அக்கா அவர் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினாள். பக்கத்தில் நான் நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவவைக் கூட்டிக்கொண்டு போ தம்பி, வெயிலாக் கிடக்கு" என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதான். சாகும்வரை அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவரைத் தெரிந்தவர்களே, உங்களிடம் சொல்லிவிட்டேன். அக்காவிடமும் சொல்ல நாளைக் காலை களுவாஞ்சிக்குடிக்குப் போகிறேன். அக்காவின் முற்றத்திலும் மண் இருக்கிறது.