இறங்காத இடுக்கி

எங்கள் பாட்டுக் குழு ஜோசப் போனில் கூப்பிட்டபோது நான் மொட்டைமாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினேன். "மேடம், தனசேகர் சார் தவறிட்டாரு. காலையில நடந்துட்டு வந்து நாற்காலியில உக்காந்தவரு, தண்ணி கேட்டிருக்காரு. அவ்ளோதான்" என்றார். "எந்த தனசேகர்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த தனசேகர் இந்த ஊரிலேயே ஒருவர்தான். வேறு யாராவதாக இருந்துவிடக் கூடாதா என்ற நப்பாசையில் கேட்டேன்.

நம் கோடை பார்பிக்யூ இசை விழாக் குழுவினர், அவரைப் பற்றி விழா மலருக்கு எழுதித் தரச் சொல்லி வீட்டுக்கு வந்தார்கள். "நல்ல விதமா நாலு வார்த்தை எழுதுங்க வசந்தி மேடம். உங்கள விட அவர யாருக்குத் தெரியும்?" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை என்னைவிட யாருக்கும் தெரியாது என்று. நல்ல விதமாகவே தொடங்குகிறேன், ஐயா. எங்கே போய் முடியும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

டவுன்ஷிப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தனசேகர் அண்ணன் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்தவர். பிறந்தது கம்மாபுரம் பக்கம். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், மீதி நேரத்தில் மெல்லிசைக் குழுவில் பாட்டு. மே மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் பிளாக் மைதானத்தில் ஒரு கோடியில் கோழி சுடுவது, மறுகோடியில் மேடை போட்டுப் பாடுவது, வருகிற பணத்தை வடக்குத்து கிராமத்தில் இருக்கும் சிறப்புக் குழந்தைகள் பள்ளிக்குக் கொடுப்பது என்ற யோசனை அவருடையது. பிள்ளைகளை ஏற்றிப்போகிற வேன் விழாப் பணத்தில் வந்ததுதான். சுடுகிற பொறுப்பு அவருக்கு, பாடுகிற பொறுப்பு எனக்கு.

முதல் வருட விழாவை இந்த ஊர் மறந்திருக்காது. பாதியாக அறுத்த இரும்பு டிரம்களை வரிசையாக நிறுத்தி, அடியில் அடுப்புக்கரிக்குப் பதிலாக நம் ஊர்ப் பழுப்பு நிலக்கரியைப் போட்டுவிட்டார் மனுஷர். "வேணாம்ணே, நாறும்" என்று ஒருவர் சொன்னதற்கு, "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கற கரி, ஒரு கோழியச் சுடாதா?" என்று கேட்டாராம். வாழ்நாளெல்லாம் அந்தக் கரியோடு புழங்கியவருக்கு அதன் குணம் தெரியாமலா இருக்கும்? ஊர்ப்பாசம் கண்ணை மறைத்துவிட்டது. மைதானம் முழுக்க மஞ்சள் புகை. கந்தக நாற்றம் அடித்த கோழியைத் தெருநாய் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. நான் முதல் பாட்டின் பல்லவியிலேயே இருமிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் விறுவிறுவென்று மேடையேறி என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். "யாரும் சாப்புடாதீங்க. தப்பு என்னுது. ஆனா குடுத்த காசு கொழந்தைங்களுக்குப் போறது, திருப்பித் தர மாட்டோம். அடுத்த வருஷம் வாங்க, ஒழுங்காச் சுட்டுத் தரேன்" என்றார். அவ்வளவு பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் அந்த நிமிடத்தில்தான் அவரைப் பிடித்துப்போனது. அடுத்த வருடம் காடாம்புலியூரிலிருந்து முந்திரிக்கட்டைக் கரி வந்தது. பிறகு இன்றுவரை அதுதான்.

மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத மனிதர் என்று பெயரெடுத்தவர் அவர். பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி வெளிநாட்டிலிருந்து வந்த சாஸ் பாட்டிலை ஆசையாகக் கொண்டுவந்து, "இதைத் தடவிச் சுடுங்க மிஸ்டர் தனசேகர்" என்றார். அண்ணன் விரலில் தொட்டு நக்கிவிட்டு, "பாயசத்துக்கு நல்லா இருக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற எங்களுக்கு வியர்த்துவிட்டது. பின்னால் நான் கடிந்துகொண்டபோது அவர் சொன்னது இது: "பாய்லர்ல ஷிஃப்ட் மாத்தறப்ப நல்லதச் சொல்ல மறந்தாலும் பரவால்ல வசந்தி, கெட்டத மறைக்கக் கூடாது. மறைச்சா அடுத்து வரவன் மூஞ்சியிலதான் வெடிக்கும்." ஷிஃப்ட் ஒப்படைக்கிற அந்தப் பாடத்தை வீட்டிலும் வீதியிலும் கடைப்பிடித்தவர் என்று நான் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் கோழி புரட்டுகிற இடுக்கியின் விஷயத்துக்கு வருகிறேன். திறந்தவெளி மேடையில் பாடியவர்களுக்குத் தெரியும், நம் குரல் நமக்கே கேட்காது. டிரம்ஸ் சத்தம், கூட்டத்தின் இரைச்சல், காற்று. சுருதியில் நிற்கிறோமா, விலகிவிட்டோமா என்று புரியாமல் நான் தவித்ததைப் பார்த்த அண்ணன் ஒரு வழி சொன்னார். அவருக்குப் பாட வராது, ஆனால் காது அப்படிப்பட்ட காது. பாய்லர் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பார்கள். "நான் கூட்டத்துக்குப் பின்னாடி அடுப்பாண்டதான நின்னுக்கினு இருப்பேன். ஸ்பீக்கர்ல வரது எனக்கு நல்லாக் கேக்கும். இடுக்கியத் தூக்கிக் காட்டுனா நீ சரியாப் போறன்னு அர்த்தம். கீழ எறக்குனா சுருதி எறங்குதுன்னு அர்த்தம், சுதாரிச்சுக்கோ" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். அந்த நீள இடுக்கி புகைக்கு மேலே தெரியும். அது இறங்கினால் நான் பிடித்து இழுத்து மேலே வந்துவிடுவேன். எத்தனையோ முறை இறக்கியிருக்கிறார், கொஞ்சம்கூட இரக்கமில்லாமல். ஒரு வருடம் ஒரே பாட்டில் நான்கைந்து தடவை இறக்கினார். விழா முடிந்ததும் நேரே அடுப்பங்கரைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "நல்லா இல்லாதத நல்லா இருக்குன்னு சொல்ல என்ன நீ வேலைக்கா வெச்சிருக்க? போயி சாதகம் பண்ணு" என்று ஒரு தொடைக் கறியைத் தட்டில் வைத்து நீட்டினார். கோபத்தோடு தின்றேன். மறுநாள் காலையில் சாதகம் பண்ணினேன். என் வீட்டுக்காரர்கூட என் பாட்டில் குறை சொல்ல மாட்டார், முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவார். குறை சொல்ல எனக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

என் வீட்டுக்காரர் நான்கு வருடங்களுக்கு முன் போய்ச் சேர்ந்தார். அந்த மே மாதமும் பாடினேன். எல்லோரும் வேண்டாம் என்றார்கள், நான் கேட்கவில்லை. அவருக்குப் பிடித்த பாட்டுக்கு வந்தேன். முன்வரிசையில் அவர் உட்காருகிற இடத்தில் வேறு யாரோ ஒருவர் சோளம் கடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பாட்டைப் பாதியில் நிறுத்தி மேடையிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த நேரத்தில் இடுக்கி எங்கே இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். அடுத்த விழாவில் குரல் அப்படி மேலே போயிற்று! முன்பெல்லாம் நரம்பு புடைக்கப் பாடிய இடங்கள் அலட்டலே இல்லாமல் வந்தன. இடுக்கி ஒருமுறைகூட இறங்கவில்லை. அதற்கடுத்த விழாவிலும் அப்படியே, போன வருடமும் அப்படியே. "வயசாக வயசாகத்தான் குரல் பழுக்குது பாத்தீங்களாண்ணே?" என்று நான் கேட்க, "ஆமா, ஆமா" என்றார். ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வெளியூர்க் கச்சேரி ஒன்றுக்குக்கூட ஒப்புக்கொள்ள இருந்தேன். எதற்காகவோ அதைத் தட்டிக்கழிக்க வைத்தார், "வெயில்ல அலையாத" என்று. அப்போது அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அவர் வீட்டில் ஒரு பாட்டுப் பாடலாம் என்று தோன்றியது. கீபோர்டு வாசிக்கும் ஜோசப்பை வரச் சொல்லியிருந்தேன். அவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்: "நம்ம ஸ்கேல்லயா மேடம், இல்ல ஒரிஜினல்லயா?"

"நம்ம ஸ்கேல்னா?"

ஜோசப்பின் முகம் வெளிறிப்போனது. நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் விடவில்லை. "சொல்லுங்க ஜோசப். நம்ம ஸ்கேல்னா என்ன?"

"மேடம்... மூணு வருஷமா உங்க பாட்டு எல்லாத்துக்கும் ஸ்கேல எறக்கித்தான் வாசிக்கிறோம். ஒன்றரைக் கட்டை. சார்தான் சொன்னாரு. அப்பவும் சரணத்துல எட்டலன்னா கோரஸ் பொண்ணு மைக்க ஏத்திடுவோம். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எங்க எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கிக்கினாரு."

பாட்டாவது ஒன்றாவது. எழுந்து உள்ளே போனேன். அண்ணன் மனைவி மல்லிகா அண்ணி கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா என்று பார்க்காமல் கேட்டுவிட்டேன். "உங்களுக்கும் தெரியுமா அண்ணி?"

அண்ணி சொன்னார்: "ஒன் வூட்டுக்காரரு தவறுன அந்த வருஷம் நீ பாடறப்ப இவரு இடுக்கிய எறக்கிக் காட்டுனாராம். ஒடனே நீ பாட்ட நிறுத்திட்டு அழுதியாமே. வூட்டுக்கு வந்து சோறு தண்ணி இல்லாம உக்காந்துகினு இருந்தாரு. 'தாலி அறுத்த பொம்பளயப் போயி மேடையில அழ வெச்சிட்டனே பாவி, இனிமே அவளுக்கு எறக்க மாட்டேன்'னு சொல்லிக்கினே இருந்தாரு. நானும் எத்தினியோ தடவ சொன்னேன், அதுகிட்ட சொல்லிடுங்கன்னு. கேட்டாத்தான?"

அடப்பாவி மனுஷா! நான் அழுதது உமது இடுக்கியைப் பார்த்தா? சோளம் கடித்தவனைப் பார்த்தல்லவா அழுதேன்! மறுநாள் காலையில் ஒரு வார்த்தை, "ஏம்மா அழுத?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. அதிகாரியின் மனைவியிடம் பயப்படாத வாய்க்கு என்னிடம் என்ன பயம்? நீராகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு, நீராகவே எனக்குத் தண்டனை எழுதிவிட்டீரே. மூன்று வருடம் என்னைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏமாற்றியிருக்கிறீர். என் குரலை என்னிடமிருந்தே ஒளித்துவைத்திருக்கிறீர். புருஷன் போனது ஒரு இழப்பு என்றால், அதைச் சாக்காக வைத்து நீர் என்னை நம்புவதை நிறுத்தியது இன்னொன்று. முதலாவதற்கு ஊரே வந்து அழுதது. இரண்டாவது எனக்குத் தெரியக்கூட இல்லை.

இரக்கம் என்று சொல்வீர்கள். அன்பினால்தானே செய்தார் என்று குழுவில் ஒருவர் என்னிடமே சொன்னார். நான் துரோகம் என்றுதான் சொல்வேன். மற்றவர்கள் பொய் சொன்னால் எனக்குப் பெரிய நஷ்டமில்லை, அவர்கள் சொல்லை நம்பி நான் மேடையேறவில்லை. நான் நம்பியது இந்த ஒரு மனிதரை.

உங்களையும் சும்மா விட எனக்கு மனமில்லை. இதைப் படிக்கிறவர்களில் குழுவைச் சேர்ந்தவர்கள் இருப்பீர்கள், காது உள்ளவர்கள் இருப்பீர்கள். உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தே கைதட்டினீர்கள் அல்லவா? கோழி வாங்க நின்ற இடத்தில், "பாவம், அந்தம்மா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டீர்கள் அல்லவா? நான் மேடையிலிருந்து கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் நல்லவர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவர் தவறிய அன்றைக்கு வேனில் வந்து இறங்கி, அவர் கால்மாட்டில் நின்று கத்தி அழுததை நீங்களும் பார்த்தீர்கள். பக்கத்தில் நின்ற நானும் அழுதேன், அப்போது எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அழுதிருப்பேன். ஆனால் அவரை உலுக்கி எழுப்பி இரண்டு கேள்வி கேட்காமல் விட்டிருக்க மாட்டேன். அதற்கு முன்பே தப்பித்துப் போய்விட்டார்.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்வது என்று இத்தனை நாளாக யோசித்தேன். அவர் குறை சொன்ன வருடங்களை வைத்துக்கொள்கிறேன். அந்த வருடங்களில் கிடைத்த ஒவ்வொரு கைதட்டலும் என் தொண்டையால் நான் சம்பாதித்தது, அதற்கு அவரே சாட்சி. கடைசி மூன்று வருடப் பாராட்டு எனக்கு வேண்டாம். அதை அவரே எடுத்துக்கொண்டு போகட்டும்.

இந்தச் சனிக்கிழமையும் நான் பாடுகிறேன். ஒரே ஒரு பாட்டு, என் வீட்டுக்காரருக்குப் பிடித்த அதே பாட்டு. ஒரிஜினல் ஸ்கேலில்தான் வாசிக்க வேண்டும், கோரஸ் பெண்ணின் மைக் ஏறக் கூடாது என்று ஜோசப்பிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தேன். சரணத்தின் இரண்டாவது வரியில் குரல் எட்டவில்லை. சனிக்கிழமையும் எட்டாது. அந்த இடத்தில் தயவுசெய்து யாரும் கைதட்டிவிடாதீர்கள்.