மதகடி வளைவும் என் வீட்டுக்காரரும்

வைக்கோலை முறுக்கிய பிரியால் போட்ட ஒரு ரோடு எங்கள் வாசலில் மூன்று நாள் கிடந்தது. குடியிருந்த மனைக்குப் பட்டா கைக்கு வந்த வருஷம் அது. சொந்த வாசல் என்ற தைரியத்தில் பிரியை இஷ்டத்துக்கு வளைத்து வளைத்து ஓட்டியிருந்தேன். ஒரு முனை நன்னிலம் கடைத்தெரு, மறுமுனை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம். நடுவில் ஐந்து இடத்தில் ஒவ்வொரு பிடி நெல். வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, கோழிக்குத் தீனி வெச்சிருக்கியா?" என்றார். "உங்க கையக் காலக் காப்பாத்த வெச்சிருக்கேன்" என்றேன்.

பொங்கலை ஒட்டி நடக்கும் சைக்கிள் பந்தயத்துக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தார். முந்தின வருஷம் இதே பந்தயத்தில் விழுந்த என் கொழுந்தனுக்கு முழங்கை அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. எல்லோரும் கதிர்க்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடும்போது அவன் மட்டும் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். இவரும் அப்படி உட்கார்ந்துவிட்டால் என்ற நினைப்பே எனக்குத் தாங்கவில்லை. "பஸ்ல போறவன் விழலியா, மரம் ஏறுறவன் விழலியா?" என்று இவர் நியாயம் பேசினார். "கைய ஒடிச்சுக்கிட்டு வந்தா கஞ்சி நான்தான் ஊட்டணும். ஊட்டுவேன், ஆனா திட்டிக்கிட்டேதான் ஊட்டுவேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று வருஷமாக எங்கள் ஊர் மிராசுதாரின் அக்காள் மகன், மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிளில் வந்து ஜெயித்துக்கொண்டிருந்தான். "ஒரு தடவையாவது நம்ம தெரு ஆளு முன்னாடி வரணும் புள்ள" என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி, போகட்டும், ஆனால் விழாமல் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த வருஷம் அறுவடைக் கூலியை ஏற்றிக் கேட்டு நாங்கள் வயலில் இறங்காமல் இருந்தோம். போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார், பேசிப் பேசிக் கடைசியில் கூலி ஏறியது. அதனால் எல்லா வயலும் ஒரே நேரத்தில் அறுப்புக்கு வந்து, களம் போதாமல் நெல்லைத் தார் ரோட்டில் காயப் போட்டார்கள். காய்கிற நெல்லின் மேல் வேகமாக வந்து பிரேக் பிடித்தால் சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அதை அள்ளச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். சண்டையின் சூடே ஆறாத நேரத்தில் மிராசுதாரிடம் போய் நின்றால், ரோடும் தன் களம்தான் என்பார். ஆனால் யார் வயல் என்றைக்கு அறுப்பு, நெல் எந்த இடத்தில் விழும் என்பது, அறுக்கிற எனக்குத் தெரியும். பந்தயம் போகும் ரோட்டில் அப்படி நெல் விழும் ஐந்து இடங்கள்தான் வாசலில் நான் வைத்த ஐந்து பிடியும்.

நான்கு இடம் நேர் ரோடு. "பிரேக்கத் தொடாதீங்க, ஹேண்டில ஆட்டாதீங்க, நேரா விடுங்க" என்றேன். ஐந்தாவது, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பர்லாங் முன்னால் மதகடி வளைவு. ரோடு முழுக்க மிராசுதார் வீட்டு நெல்தான் காயும், திரும்பாமல் போகவும் முடியாது. இரண்டு பேரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தோம். காயும் நெல்லைக் காலால் கிளறி விடுவது எங்கள் அன்றாட வேலை. அதில் எங்கள் கால் ஒரு நாளும் வழுக்கியதில்லை. "எறங்கிடுங்க. சைக்கிளத் தோளுல போட்டுக்கிட்டு ஓடுங்க. கதிர்க்கட்டத் தூக்கிட்டு ஓடுறவருக்கு இது என்ன கனம்?" என்றேன். பந்தயம் நடத்தும் டிரில் மாஸ்டரிடமும் மறுநாள் போய்க் கேட்டேன். "சைக்கிளோட கோட்டத் தாண்டணும், அவ்வளவுதாம்மா. ஆனா எறங்கி ஓடுறவன் எங்க ஜெயிக்கப் போறான்?" என்று சிரித்தார்.

பந்தயத்தன்று அறுப்புக்காரப் பெண்களோடு மதகடியில் நின்றேன். முதலில் வந்தது மிராசுதாரின் அக்காள் மகன், பின்னாலேயே இரண்டு பேர், நாலாவதாக இவர். முதல் ஆள் வளைவில் பிரேக்கைப் பிடித்தான். சொந்த மாமா வீட்டு நெல்லிலேயே சறுக்கிக்கொண்டு போய் விழுந்தான். பின்னால் வந்த இரண்டு பேரும் அவன் மேல் சரிந்தார்கள். நல்லவேளை, மூவருக்கும் சிராய்ப்போடு போயிற்று. இவர் நெல்லுக்கு முன்பே குதித்து, சைக்கிளைத் தோளில் ஏற்றி, வெறுங்காலோடு நெல்லுக்குள் இறங்கி ஓடினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெல் முடிந்த இடத்தில் சைக்கிளை இறக்கி ஏறி மிதித்தார். நாங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். நாங்கள் போய்ச் சேருவதற்குள் ஒலிபெருக்கியில் அவர் பெயரோடு எங்கள் தெருவின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள்.

மேடையில் பரிசு கொடுக்க வந்த மந்திரி உட்கார்ந்திருந்தார். நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் இவர் கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தேன், நீட்டிப் பார்த்தேன், குனிந்து முட்டியைத் தடவிப் பார்த்தேன். "விடு புள்ள, எல்லாரும் பாக்குறாங்க." "பாக்கட்டும்" என்றேன். ஒரு கீறல்கூட இல்லை. கொழுந்தன் வளைந்த கையாலேயே அண்ணனை இடுப்போடு கட்டித் தூக்கினான். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை, கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

இப்போது இவருக்கு முழங்கால் வலி. போன வாரம் திருவாரூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். காலை அழுத்திப் பார்த்துக்கொண்டே டாக்டர், "பெரியவர் எப்பவாவது கீழ விழுந்திருக்காரா?" என்று கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"விழவே இல்லைங்க. ஜெயிச்சாருங்க."