பெரிய கடையும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா அவர்கள் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பை அக்காவின் மகன் என்னிடம் ஒப்படைத்தபோது, "சின்னம்மா, நல்லதா நாலு வார்த்த எழுதுங்க. பழசையெல்லாம் கெளற வேணாம் லா" என்று கேட்டுக்கொண்டான். நல்லதாகத்தான் எழுத நினைக்கிறேன். ஆனால் அக்காவின் வாழ்க்கையிலிருந்து பழசை எடுத்துவிட்டால் பிறந்த ஊரும் இறந்த நாளும்தான் மிஞ்சும். அதற்கு ஒரு கட்டுரை வேண்டியதில்லை.

அக்கா அவர்கள் மலாயாவில் லுக்குட்டை அடுத்த ரப்பர்த் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். நான் அவருக்கு இரண்டு வயது இளையவள். காய்ச்சலில் அம்மாவும் அடுத்த மழைக்காலத்தில் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அக்காதான் எனக்குத் தலை வாரிவிட்டார், அடித்தார், சோறு போட்டார். இருவரும் ரப்பர் மரங்களின் ஒரே நிரையில் பால் வெட்டினோம். அதே தோட்டத்தில் பால் வெட்டிய அத்தானுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள். அத்தான் அதிகம் பேசாதவர், ஆனால் சுத்தத்தில் மகா பிடிவாதக்காரர். வேலை முடிந்து வந்ததும் தன் சட்டையையும் வேட்டியையும் தானே துவைத்து உலர்த்திய பிறகுதான் சாப்பிட உட்காருவார். லயத்தில் மற்ற ஆண்கள் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். அக்காவுக்கு அதில் பெருமை தாங்காது.

நாங்கள் வளர்ந்த காலத்தில் இரண்டே இரண்டு விஷயங்கள் அசையாதவை என்று நம்பினோம். ஒன்று தோட்டத்துக்குச் சொந்தமான வெள்ளைக்காரக் கம்பெனி. மற்றொன்று லுக்குட்டில் இருந்த பெரிய கடை. அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விளம்பரம் செய்ய அவர்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அரிசி, துணி, மண்ணெண்ணெய், கல்யாணத்துக்குத் தாலிக்கயிறு, சாவுக்குக் கோடித்துணி எல்லாம் அங்கேதான். போன வருடம் ஒரு பத்திரிகையில் அந்தக் கடை இத்தனை காலம் நிலைத்திருப்பதைப் பாராட்டி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தார்கள். நேர்மையாம், உழைப்பாம், வாடிக்கையாளரைக் குடும்பமாக நினைப்பதாம். அந்தக் கடையும் அந்தக் கம்பெனியும் எதனால் நிலைத்தன என்று அக்காவுக்குத் தெரியும். அக்கா எழுதப் படிக்கத் தெரிந்தும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் முதலில் கிளம்பியது கம்பெனிதான். துரை தன் காரில் நாயை ஏற்றிக்கொண்டார், துரைசாணியை ஏற்றிக்கொண்டார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டு, மரங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனார். எங்களை யார் பார்த்துக்கொள்வது என்று அவரும் சொல்லவில்லை, கிராணியும் கேட்கவில்லை. கிராணிக்கு முதுகு ஏற்கெனவே வளைந்திருந்ததால் புதிய எஜமானர்களுக்கு வணக்கம் போடுவதில் சிரமம் இருக்கவில்லை. பெரிய கடையில் ஒரே நாளில் இங்கிலாந்து ராஜாவின் படம் இறங்கி ஜப்பான் கொடி ஏறியது. முன்னால் இருந்த சரக்கு பின்கட்டுக்குப் போய்விட்டது. கேட்டால், "இல்லம்மா, வரல" என்பார் முதலாளி. ஜப்பான்காரர்களின் முகாமுக்கு மட்டும் எப்படியோ வந்துகொண்டிருந்தது.

பிறகு சயாமில் ரயில் பாதை போடுவதற்கென்று தோட்டங்களிலிருந்து ஆண்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பலாம் என்றெல்லாம் சொல்லி முதலில் சிலரைக் கூட்டிப் போனார்கள். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வராமற்போகவே, லாரிச் சத்தம் கேட்டாலே லயத்து ஆண்கள் பின்னால் இருந்த காட்டுக்குள் ஓடினார்கள். அத்தானும் ஓடினார். அப்போது அக்கா கர்ப்பமாக இருந்தார். அத்தான் பகலெல்லாம் காட்டில் இருந்துவிட்டு இருட்டிய பின் வந்து, அந்த இருட்டிலும் வேட்டியைத் துவைத்துப் போட்டுவிட்டுத்தான் படுப்பார். அந்தக் குழந்தையைப் பார்க்க அத்தான் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அக்காவுக்கு அந்த நாட்களில் வேறு வேண்டுதலே கிடையாது.

இந்த இடத்தில், தோட்டத்தைப் பார்க்காத பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். சித்திரை முதல் நாள் பெரிய கடையில் புதுக்கணக்கு போடுவார்கள். ஒவ்வொரு வீட்டு ஆண்பிள்ளையும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். முதலாளி தன் கையால் தட்டில் வெற்றிலை பாக்கும் கற்கண்டும் வைத்துக் கொடுப்பார். வாங்கிக்கொண்டு, அந்த வருடத்தின் முதல் சரக்காக உப்பும் மஞ்சளும் வாங்கி வர வேண்டும். பெண்களை அனுப்பினால் செல்லாது. அந்த உப்பும் மஞ்சளும் வீட்டுக்கு வரவில்லை என்றால் வருடம் முழுக்க விளங்காது என்பது எங்கள் லயத்து நம்பிக்கை. சாமியை நம்பியதற்குக் குறையாமல் அதை நம்பினோம். அந்த நம்பிக்கையை எங்களுக்குள் விதைத்ததும் கடைதான் என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

அந்த வருடச் சித்திரைக்கு முன்னதாகக் கடையின் கணக்கப்பிள்ளை லயத்துக்கே வந்தார். "மொதலாளி சொல்லி அனுப்பினாரு. புதுக்கணக்கு வழக்கம்போல உண்டு. ஆளுக்குக் கொஞ்சம் அரிசியும் தர்றாராம். ஜப்பான் தொரைகிட்டப் பேசியாச்சு, கடைக்கு வர்ற ஆள ஒருத்தனும் தொட மாட்டான்" என்றார். அரிசி என்ற வார்த்தையைக் கேட்டதும் நாங்கள் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டோம்.

அத்தானுக்கு மனம் ஒப்பவில்லை. "இந்த வருசம் போகாட்டி என்ன?" என்று அக்காவிடம் கேட்டார்.

"புள்ள பொறக்கப் போற வருசங்க. உப்பு, மஞ்ச இல்லாமயா பொறக்கணும்? போய்ட்டு உடனே வந்துருங்க" என்றார் அக்கா.

வேட்டியை எடுத்துக் கொடுத்ததும் அக்காதான். இதை அக்கா தன் வாயால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்; மறைக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

காலையில் ஆண்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் போனார்கள். வெள்ளை வெளேரென்று வரிசையாக அவர்கள் தோட்டத்துச் சாலையில் போனதை நாங்கள் நின்று பார்த்தோம். பல நாள் காட்டில் ஒளிந்து கிடந்தவர்கள் வெயிலில் நடந்து போவதைப் பார்க்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெயில் ஏறியும் யாரும் திரும்பவில்லை. லுக்குட்டுக்குக் கீரை விற்கப் போயிருந்த ஒரு பெண் ஓடி வந்து, கடைக்குப் பின்னால் நின்ற லாரிகளில் எல்லாரையும் ஏற்றிவிட்டார்கள் என்றாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஓடினார். நானும் ஓடினேன். கடையின் பலகைக் கதவுகள் எல்லாம் அடைத்திருந்தன. வாசலில் வெற்றிலைகள் மிதிபட்டுக் கிடந்தன.

அக்கா கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து முதலாளியின் குரல் மட்டும் வந்தது. "நான் என்னம்மா பண்ணுவேன்? துப்பாக்கிய இல்ல நீட்டுறான். சிரம்பான் ஸ்டேசனுக்குத்தான் கொண்டு போயிருப்பான், போய்ப் பாரு." கதவை அவர் திறக்கவே இல்லை.

சிரம்பான் வரை நடந்தோம். அக்காவால் முடியாத இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து போனோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வண்டி போய்விட்டது. ஸ்டேஷனில் பெருக்கிக்கொண்டிருந்த ஆள், எல்லாரும் வேட்டி கட்டியிருந்தார்கள், ஏதாவது கல்யாணமா என்று எங்களிடமே கேட்டான்.

அந்த முதலாளியும் பயந்துதான் செய்தார் என்று சிலர் இன்றும் வாதாடுவார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ள முயன்றிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவருடைய மைத்துனனும் கடைப் பையன்களும் லுக்குட்டில் இல்லை. முந்திய நாளே போர்ட்டிக்சனுக்குச் சரக்கு எடுக்க அனுப்பிவிட்டாராம். சித்திரை முதல் நாளுக்கு, ஊரே கடைக்கு வரும் நாளுக்கு, கடையாட்களை வெளியூர் அனுப்பும் முதலாளியை நான் அதற்கு முன்னும் கேள்விப்பட்டதில்லை, பின்னும் கேள்விப்பட்டதில்லை. அதற்கப்புறம் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் ரேசன் அரிசி கொடுக்கும் உரிமை அவர் கைக்கு வந்தது. பயத்துக்கு இவ்வளவு நல்ல கூலி கிடைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மகன் பிறந்தான். அத்தான் திரும்பவில்லை. சண்டை ஓய்ந்த பிறகு எங்கள் லயத்திலிருந்து போனவர்களில் ஒருவர் மட்டும் காலெல்லாம் புண்ணாகத் திரும்பி வந்தார். அக்கா அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவர் கஞ்சியைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

"வாந்திபேதி தங்கச்சி. ரெண்டு நாளுதான். கட்டிட்டுப் போன வேட்டிய மடிச்சு வச்சிருந்தாரு, ஊருக்குத் திரும்பும்போது கட்டணும்னு. அதுலயேதான் சுத்திப் பொதச்சோம்" என்றார் அவர்.

அக்கா அழுததை நான் பார்த்தது அன்றுதான்.

கம்பெனி திரும்பி வந்தது. அதே பெயர்ப்பலகையைத் துடைத்து அதே ஆணியில் மாட்டினார்கள். புதிதாக வந்த துரை முதலில் மரங்களைத்தான் சுற்றிப் பார்த்தார். வெட்டாமல் கிடந்ததில் பட்டையெல்லாம் தடித்து வளர்ந்திருந்தது. மரங்கள் நன்றாக ஓய்வெடுத்திருக்கின்றன, இனிமேல் பால் கொட்டும் என்று அவர் மகிழ்ந்ததாகக் கிராணி வந்து சொன்னார். கிராணியும் அதே கிராணிதான். பால் கொட்டத்தான் செய்தது. வெட்டுவதற்கு ஆண்கள் போதவில்லை என்பதால் விதவைகளுக்கு நிரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். சண்டையால் அந்தக் கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்று நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பெரிய கடையிலும் ராஜாவின் படம் திரும்ப ஏறியது. அடுத்த சித்திரை வந்தது. கணக்கப்பிள்ளையும் லயத்துக்கு வந்தார், கொஞ்சமும் கூசாமல். அந்த முறை ஒரு புதுச்செய்தி வைத்திருந்தார்: "ஆம்பள இல்லாத வீட்டுக்குப் பொம்பளையே வரலாம், தப்பில்லன்னு மொதலாளி சொல்லிட்டாரு."

எங்கள் வீடுகளில் ஆண்களை இல்லாமல் செய்துவிட்டு, ஆண் இல்லாத வீட்டின் உப்பு மஞ்சள் வியாபாரம்கூடத் தங்கள் கைவிட்டுப் போகாதபடி வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். இதற்குப் பெயர்தான் வாடிக்கையாளரைக் குடும்பமாக நினைப்பது.

அக்கா போனார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். கூட நானும் நின்றேன். முறை வந்ததும் முதலாளி முகம் பார்க்காமல் தட்டை நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"துப்பாக்கிய நீட்டுனது ஜப்பான்காரன், சரிங்க மொதலாளி. இந்த வெத்தலத் தட்ட நீட்டுனது யாரு?"

முதலாளி பதில் சொல்ல வேண்டிய தேவையே ஏற்படவில்லை. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள்தான், "வாங்கிட்டுத் தள்ளி நில்லேன் தங்கச்சி, வெயிலு தாங்கல" என்றாள். அக்கா விலகி நின்றார். எங்கள் கண்ணெதிரே வரிசை நகர்ந்தது. எல்லாரும் வெற்றிலை வாங்கினார்கள், உப்பு வாங்கினார்கள், மஞ்சள் வாங்கினார்கள். கடை அன்றைக்கே விழுந்திருக்க வேண்டும். ஒருத்திகூட வாங்காமல் திரும்பவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா சொன்னார்: "நாமதான் பாப்பா அந்தக் கடைக்குத் தூணு. அவன் கல்லுல கட்டுனான்னு நெனச்சோம்."

அதன்பிறகு அக்கா அந்தக் கடைப் படியேறவில்லை. காலில் பலம் உள்ளவரை சாமான் வாங்கப் போர்ட்டிக்சனுக்கு நடந்தார். தனியாளாகப் பால் வெட்டி மகனைப் படிக்க வைத்தார். யாரிடமும் கையேந்தியதில்லை, இரண்டாம் கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்களைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். தோட்டத்தை விட்டு மகனோடு சிரம்பானை ஒட்டிய ரஹாங் வீட்டுக்கு வந்த பிறகும் அவர் குணம் மாறவில்லை. பெரிய கடை சிரம்பானில் கண்ணாடிக் கட்டடமாக எழுந்தபோது பேரப்பிள்ளைகள் அங்கே போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார்கள். அக்கா திட்டவில்லை. தனக்கு நீட்டியதை மட்டும் வாங்கவில்லை. கடைசி நாட்களில் நினைவு தப்பி, நாள் கிழமை மறந்து, என்னையே யார் என்று கேட்டார். அத்தானின் வேட்டி காய்ந்துவிட்டதா என்று கேட்டபடியே இருந்தார். காய்ந்துவிட்டது என்று நான் சொன்னேன்.

அக்காவை நோயில் கவனித்த சிரம்பான் மருத்துவமனைத் தாதியருக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் காரை எடுத்த பக்கத்து வீட்டு மலாய்க்காரத் தம்பிக்கும், தெமியாங்கிலிருந்து வந்து இறுதிக் காரியங்களை முன்னின்று நடத்திய உறவினர்களுக்கும், அக்காவைக் கடைசிவரை கண்போல் காத்த மகனுக்கும் மருமகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்றைய பந்திக்கான அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் சொல்லியாகிவிட்டது. பெரிய கடையின் வான் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்குமாம். வேறு கடையே கிடைக்கவில்லையா என்று அக்கா மகனிடம் கேட்டேன். "அவங்கதான் சின்னம்மா கொறஞ்ச வெலைக்குத் தர்றாங்க. அதோட, அது அந்தக் காலத்து மொதலாளி. இப்ப இருக்கறது பேரன், அவனுக்கு என்ன தெரியும், பாவம்" என்றான். முதலாளி செத்ததும் பழி முடிந்துவிடுகிறது, கடை மட்டும் முடிவதில்லை. இதைச் சொல்வது தந்தை முகத்தைப் பார்க்காத பிள்ளை.

அந்தக் கடை இன்னும் நூறு வருடம் நிற்கும். எதனால் என்று சந்தேகம் உள்ளவர்கள், இந்த மலரை மடித்து வைத்துவிட்டு எதிரில் இருக்கும் சாப்பாட்டு இலையைப் பார்க்கலாம். வந்திருக்கும் அனைவரும் இருந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி அக்காவின் குடும்பத்தார் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.